எல்லா வாசலிலும் ஒரு புள்ளி

அவள் பேரை எழுத மாட்டேன். எழுதப் போகிறேன் என்றதும் பலர் கேட்டார்கள். பேர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தாள், புருஷன் செத்தானா ஓடினானா, ஒரு போட்டோ கிடைக்குமா என்று. இதில் பாதி எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவளைப் பற்றி எழுதுகிறேன் என்று உட்கார்ந்து அவள் சங்கதியையே கடைவிரித்தால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

நாங்கள் அவளை மிஷின் அக்கா என்று கூப்பிட்டோம். அது போதும்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் மேட்டில் எங்கள் குப்பம். வாசலில் நின்றால் தெற்கே லைட்ஹவுஸ் தெரியும். பஜாருக்குப் போக வேண்டுமானால் படகில் ஏரியைத் தாண்ட வேண்டும். நான் கல்யாணமாகி அங்கே போனபோது அவள் அங்கே இருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒற்றை ஆள். கையால் சுற்றுகிற பழைய தையல் மிஷின் ஒன்று. சுற்றிச் சுற்றி வலது தோள் இடது தோளைவிடப் புடைத்திருக்கும்.

மிஷினைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தாள். தெருவுக்கு முதுகு. எல்லா டெய்லரும் வெளிச்சத்துக்காக வாசலைப் பார்த்து உட்காருவார்கள். இவள் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"துணி யாருதுன்னு தெருவுல போறவன் பாக்கணுமா?" என்றாள்.

எங்கள் ஊரில் ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்தால் அதை எழுதி வைப்பதில்லை. அவள் வலை நூலை ஒரு சாண் இரண்டு சாண் என்று இழுத்து அறுப்பாள். உடம்பில் வைத்துப் பார்த்து முடிச்சுப் போடுவாள். முதல் முடிச்சு தோள், அடுத்தது மார்பு, அப்புறம் இடுப்பு, கடைசி கை. வலைக்குப் போடுகிற அதே முடிச்சு, நகராது. தைத்து முடித்ததும் நூலைச் சுருட்டி நம் கையிலேயே கொடுத்துவிடுவாள். அடுத்த தடவை துணி கொண்டுவரும்போது அதையும் கொண்டுவர வேண்டும்.

"தொலைஞ்சி போச்சின்னா?" என்று கேட்டேன்.

"தொலைஞ்சா திரும்ப எடுக்கறேன். உன் அளவு உன்கிட்டதான் இருக்கணும். என் வூட்டுல இன்னாத்துக்கு?"

அந்த "இன்னாத்துக்கு"தான் அவள். யார் என்ன கேட்டாலும் முதலில் அதுதான் வரும். "உனுக்கு இன்னாத்துக்கு?" காரணம் சரியாக இருந்தால் பதில் வரும். இல்லையென்றால் மிஷின் சுற்றுகிற சத்தம் வரும்.

ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். தடுப்பூசி போட வருகிற நர்சம்மா தெருவில் யார் யார் வீட்டில் குழந்தை இருக்கிறது என்று கேட்டாள். அக்கா "இன்னாத்துக்கு?" என்றாள். நர்சம்மா உட்கார்ந்து என்ன ஊசி, எந்த நோய்க்கு என்று சொன்னாள். அக்கா மிஷினை நிறுத்தினாள். தானே எழுந்து வீடு வீடாகப் போய்த் தாய்களைக் கூப்பிட்டு வந்தாள். "நீங்களே கேளும்மா, அவங்களே சொல்லுவாங்க" என்று நர்சம்மா பக்கத்தில் நிறுத்தினாள். அடுத்தவள் சேதியை அப்போதும் தன் வாயால் சொல்லவில்லை.

ஒருத்தன் வந்தான். அவன் பெண்டாட்டி புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம், துணி வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, எவ்வளவு கொடுத்தாள் என்று வாசலில் நின்று அதட்டினான்.

"நேத்து இறாலு வாரிக்கினு வந்தியே, எங்க வலை போட்ட?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

அவன் வாயை மூடிக்கொண்டான். எங்கள் பக்கத்தில் தொழிலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு வலை காலி என்பார்கள். வலையைத் தூக்கித் திரும்ப வீட்டில் போட்டுவிட்டுக் கேட்டவனை அடிக்கப் போவார்கள். மீன் எங்கே கிடைத்தது என்று கூடப் பிறந்தவனே கேட்க மாட்டான்.

"சொல்ல மாட்ட இல்ல? உன் வலைக்கு ஒரு நியாயம், உம் பொண்டாட்டி ஜாக்கெட்டுக்கு ஒரு நியாயமா? போய்யா."

அவன் போனான். தெருவில் பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே அடுத்த நாள் அவளைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். "அவ வூட்டுக்குப் போனா ஊர்ச்சேதி ஒண்ணும் கெடைக்காது மே, கல்லு மாதிரி உக்காந்திருப்பா." திமிர் பிடித்தவள் என்று பேர். உண்மையில் திமிர்தான். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

அவளிடம் எல்லாம் போய்ச் சேரும். எவள் உடம்பில் எங்கே கன்றிப்போயிருக்கிறது, எவள் இளைத்தாள், எவள் தடித்தாள். ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் தெரியாமல் ஒருத்தி உடம்பில் எதுவும் நடக்காது. போய்ச் சேர்ந்தது வெளியே வராது.

என் சங்கதியும் அப்படித்தான் அவளிடம் போனது.

எனக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. முதல் தடவை இரண்டாம் மாதமே ஊருக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கப் போனால், மீன் காயப்போடப் போனால், வாந்தி வருதா, இடுப்பு வலிக்குதா, ஆம்பளையா பொம்பளையா என்று விசாரிப்பு. கலைந்த பிறகு அதே கூட்டம் என்னைப் பார்க்க வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அப்புறம் என் மாமியார் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "இன்னொரு தபா இப்புடி ஆச்சின்னா எங்கண்ணன் பொண்ணு கீறா. எம் புள்ளைக்கு வாரிசு வோணாமா?"

மூன்றாவது தடவை நான் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் இல்லை. அவர் அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத மனுஷர். ஐந்து மாதம் தாண்டட்டும், தங்கினால் சொல்லலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் தெரிந்து, அப்புறம் கலைந்தால், எனக்கு அந்த வீட்டில் இடமில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தது. துணியும் என் நூலும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் நூலை என் மார்பில் வைத்தாள். முடிச்சு எட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நூலைச் சுருட்டித் திரும்பக் கொடுத்தாள்.

"முடிச்ச மாத்தல. பழசே இருக்கட்டும். உள்ள துணி விட்டுத் தெக்கறேன், வேணுங்கும்போது நீயே பிரிச்சிக்க."

நான் அழுதுவிட்டேன். "மூக்க சிந்து" என்று ஒரு கந்தலைத் தூக்கிப் போட்டாள்.

அந்த வாரம்தான் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

குழந்தைக்குக் கொடுக்கிற டின் பால் கம்பெனி. பஜார் வரைக்கும் வேனில் வந்து, அங்கிருந்து படகில் ரேடியோ குழாயைக் கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டுக்கொண்டே ஏரியைத் தாண்டி வந்தார்கள். பேண்ட் போட்ட ஒரு ஆள். நைலக்ஸ் புடவையில் மெட்ராஸ் பெண் ஒருத்தி, இருபது வயசு இருக்கும், நல்ல சிரிப்பு. மணலில் பாய் விரித்து டீத்தூள் பொட்டலம், சின்னச் சோப்பு, புளிப்பு மிட்டாய் மூன்றையும் பரப்பினாள்.

"காசு வேணாம்மா. எது புடிக்குதோ ஒண்ணு எடுத்துக்கங்க."

எல்லாரும் சோப்பையும் டீத்தூளையும் அள்ளினார்கள். நான் மிட்டாய் எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போய் இன்னொன்று கேட்டேன். நாக்கு கேட்கிறது, நான் என்ன செய்வேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு கை நிறையக் கொடுத்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் போவதற்கு முன்னால் அந்த ஆள் ஒரு டப்பாவில் காவி கரைத்துக்கொண்டு அந்தப் பெண் கைகாட்டிய சில வீட்டுக் கதவில் குறி போட்டுவிட்டுப் போனான். கைப்பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு வட்டம். எங்கள் கதவில் ஒரு வட்டம், அதற்கு நடுவில் ஒரு புள்ளி.

எது என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஜனங்களுக்குச் சுவரில் குறி என்றால் ஒரே அர்த்தம்தான். முந்தின புயலில் குடிசைகள் போனபோது அதிகாரிகள் வந்து கதவில் குறி போட்டார்கள். குறி இருந்த வீட்டுக்கு அரிசியும் புடவையும் வந்தது. மழையில் குறி அழிந்த வீட்டுக்கு ஒன்றுமில்லை. அழுது பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அதிலிருந்து எவன் வந்து கதவில் எதைக் கிறுக்கினாலும் அதைக் கண்ணைப்போலக் காப்பாற்றுவார்கள். சாரல் படாமல் மேலே ஓலை கட்டியவர்கள் உண்டு.

என் மாமியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எல்லாருக்கும் வெறும் வட்டம். நமக்கு மட்டும் பொட்டு வெச்ச வட்டம். நமக்கு ரெண்டு மூட்டை, பாத்துக்க." குறிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். குறி இல்லாத வீட்டுக்காரிகள் வந்து பொருமிவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த மெட்ராஸ் பெண்ணும் அந்த ஆளும் மட்டும் திரும்ப வந்தார்கள். நேராக அக்கா வீட்டுக்குப் போனார்கள். நான் அப்போது உள்ளே தடுப்புக்குப் பின்னால் ஜாக்கெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கையால் அங்கேயே இரு என்றாள்.

அந்த ஆள் மிஷினைத் தட்டிப் பார்த்தான். "இன்னும் கை மிஷினா? தோள் போயிடுமேம்மா. கம்பெனியில சொல்லிப் புதுக் கால் மிஷின் வாங்கித் தரேன். உங்க செலவு ஒண்ணும் கெடையாது."

"இன்னாத்துக்கு?"

"மாசா மாசம் நாங்க வரும்போது எந்த வூட்ல விசேஷம்னு சொன்னாப் போதும். உங்களுக்குத்தான் எல்லாருக்கும் முந்தித் தெரியுமே."

அக்கா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். அவள் ஜாக்கெட் கொக்கி பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. "இங்க வா, கொக்கி வெச்சித் தரேன்" என்று உட்கார வைத்தாள். வைத்துக்கொண்டே கேட்டாள்: "கதவுல அது இன்னா கோலம்?"

அந்தப் பெண் பாவம், மறைக்கத் தெரியவில்லை. "வட்டம்னா கைக்குழந்தைக்கா. உள்ள புள்ளி வெச்சா மாசமா இருக்காங்கன்னு. அடுத்து வர்ற ஆளு யாரையும் கேக்காமலே டின்னு குடுத்திடுவாரு."

"நீ யாரையும் கேக்கலியே, எப்புடித் தெரிஞ்சிது?"

"கேக்கவே வேணாங்க்கா. புளிப்பு மிட்டாய எவ ரெண்டு தபா வாங்கறாளோ அவதான். கம்பெனியிலேயே சொல்லிக் குடுத்திருக்காங்க." பெருமையாகச் சொன்னாள்.

தடுப்புக்குப் பின்னால் எனக்கு எல்லாம் கேட்டது. ஓசியில் கொடுத்த மிட்டாய். வாயைத் திறக்காமலே என் வயிற்றை என் கதவில் எழுதிவிட்டார்கள்.

அந்த ஆள் சிரித்தான். "நாங்க மட்டும் இல்லம்மா. தவணைக்குத் தொட்டில் விக்கறவரு, போட்டோ ஸ்டூடியோக்காரரு, தாயத்துக்காரரு, எல்லாரும் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கதான். குறியப் பாத்து வந்துடுவாங்க. ஊருக்கும் வசதிதானே. வர்ற வாரம் டின்னோட வரோம். இன்னா சொல்ற?"

"கொக்கி வெச்சாச்சி. கெளம்புங்க."

"மிஷினு?"

"எங் கைக்கு இன்னும் வலு கீது."

அவர்கள் போனதும் நான் வெளியே வந்தேன். வர்ற வாரம் அந்த ஆள் எங்கள் வாசலில் டின்னை நீட்டி, வாழ்த்துகள் அம்மா என்று மாமியாரிடம் சொல்வான். "யக்கா, இப்பவே போய் அழிச்சிடறேன்" என்றேன்.

"அழிச்சா உம் மாமியா கத்துவா. ரெண்டு மூட்டை அரிசி போச்சின்னு கத்தினா ஊரு கூடும். ஏன் அழிச்சன்னு கேக்கும். நீ இன்னா சொல்லுவ?"

 அவள் ஜாக்கெட்டை மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம், "வூட்டுக்குப் போ. நாளைக்கு நீ என் பக்கமே வராத" என்றாள்.

மறுநாள் காலை. ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். அக்கா ஒரு சட்டியில் காவியும் கையில் சுருட்டிய துணியுமாகத் தெருக்கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். வெறும் வட்டம் இருந்த கதவில் நடுவில் புள்ளி வைத்தாள். ஒன்றும் இல்லாத கதவில் வட்டமும் போட்டுப் புள்ளியும் வைத்தாள்.

"எம்மே, இன்னா பண்ற?"

"புள்ளி வெக்கறேன்."

"எதுக்கு?"

"உனுக்கு வேணுமா வேணாமா?"

யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்தாள். "எனுக்கும் வையி மே. பெருசா வையி, கண்ணுக்குத் தெரியட்டும்." ஓலை மறைத்த கதவுகளில் ஓலையை அவர்களே விலக்கிக் காட்டினார்கள். புருஷன் செத்து வருஷக்கணக்கில் தனியாக இருக்கிற கிழவிக்கு ஒன்று. கல்யாணமே செய்துகொள்ளாமல் வலைக் கொட்டகையில் படுத்துக் கிடக்கிற பெரியவர், "எனுக்கு வாசலே இல்லியே" என்று புலம்பினார். அவருக்குக் கொட்டகைக் கம்பத்தில் ஒன்று. சாராயக் கடைக்கு ஒன்று. மீன் சொசைட்டிக் கதவுக்கு ஒன்று. கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மேல்கூட ஒன்று.

என் மாமியாருக்குத்தான் ஆத்திரம். "நமக்கு மட்டும் இருந்துது. பாவி, ஊருக்கே வெச்சிட்டா." வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா எங்கள் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கம்பெனிக்காரர்கள் சொன்னபடி வந்தார்கள். அந்த ஆள், அந்தப் பெண், டின் பெட்டிகள். கூடவே தொட்டில் விற்கிறவன் ஒருத்தன், மாதிரித் தொட்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு. ஊரே அரிசிக்குச் சாக்கோடு நின்றது.

முதல் வாசல் கிழவியுடையது. அந்த ஆள் குறியைப் பார்த்துவிட்டு, "எத்தினி மாசம்மா?" என்றான் உள்ளே பார்த்து.

கிழவி வந்தாள். "மாசமா? அவரு போயி வருசம் பத்துக்கு மேல ஆவுது நைனா. பென்சன் குடுக்கப் போறியா?"

அவன் நகர்ந்தான். அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல், எல்லாவற்றிலும் புள்ளி. வலைக் கொட்டகைக் கம்பத்தின் முன்னால் நின்று, "இங்க யாரும்மா?" என்றான்.

பெரியவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். "நாந்தான். ஒண்டிக்கட்டைன்னு கம்மியா குடுத்துடாதீங்க."

தொட்டில்காரன் சாராயக் கடைக் கதவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். அந்த மெட்ராஸ் பெண் முதலில் முழித்தாள். பிறகு தெருக்கோடியில் இடுப்பில் கை வைத்து நின்ற அக்காவைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது அந்த ஆளுக்குப் பொறுமை போய்விட்டது. மாமியார் வழியை மறித்தாள். "முதல்ல குறி போட்டது எங்க வூட்டுக்குத்தான். அரிசி எங்க?"

"அரிசியா? எவன் சொன்னான் அரிசின்னு? இந்தக் குறி இருந்தா அந்த வூட்ல புள்ளத்தாச்சி இருக்கான்னு அர்த்தம்!"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். 

 யாரோ வலைக் கொட்டகைப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் வயிற்றைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. "பெரியவரே, எத்தினியாவது மாசம்?" "சாராயக் கடைக்குச் சீமந்தம் எப்போ?" எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் என் மாமியார். "எங்க வூட்ல எவடா புள்ளத்தாச்சி, நானா? இந்த வயசுலயா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் இருந்த எல்லா வாசலிலும் அந்தப் புள்ளி இருந்தது. முதலில் எங்கள் கதவில் மட்டும் இருந்ததை அந்தச் சிரிப்பில் யாரும் நினைக்கவில்லை; என்னுடையது எது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கம்பெனிக்காரர்களை மணலை வாரி இறைத்து விரட்டினார்கள். டின் பெட்டியோடு படகில் ஏறி ஓடினார்கள். அப்புறம் எங்கள் குப்பத்துக்கு அந்தக் கம்பெனி வரவில்லை.

சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. அரிசி இல்லை. கேலிதான் மிச்சம். அக்காவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மன் கோயில் முன்னால் பெரிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வலைக் கொட்டகைப் பெரியவர் அழுகிற மாதிரிச் சொன்னார்: "எங் கம்பத்துல புள்ளத்தாச்சின்னு எழுதிட்டா."

"குறிக்கு அர்த்தம் தெரிஞ்சிதான் வெச்சியா?" என்று கேட்டார்கள்.

"தெரிஞ்சிதான் வெச்சேன்."

"எதுக்கு?"

"அது உங்களுக்கு இன்னாத்துக்கு?"

கூட்டத்தில் என் மாமியார் எழுந்தாள். "எவளையோ காப்பாத்தத்தான் வெச்சிருக்கா. எவளுன்னு சொல்லச் சொல்லுங்க."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா என் பக்கம் திரும்பிச் சீறினாள்: "நீ இன்னாமே எழுந்துக்கற? ஜாக்கெட்டு தாமசம்னு இங்க வந்து பிராது குடுப்பியா? உக்காரு!" எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

அவள் பெரிய ஆட்களைப் பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை. "நீங்க தொழிலுக்குப் போறப்போ எங்கப் போறன்னு ஒருத்தன் கேட்டா அடிக்கப் போறீங்க. கேக்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டு. நல்ல கட்டுதான். ஏரியில கெடக்கற இறாலுக்கு அவ்ளோ மரியாதி. வூட்டுல கீற பொம்பளை உடம்புக்கு அதுல பாதி மரியாதி கெடையாதா? அத மட்டும் வர்றவன் போறவன் கதவுல எழுதுவான், நீங்க மேல ஓலை கட்டிக் காப்பாத்துவீங்க. நான் சொல்ல மாட்டேன். இன்னா பண்ணணுமோ பண்ணிக்கங்க."

பண்ணினார்கள். சொல்கிற வரைக்கும் அவளிடம் யாரும் துணி கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பு.

அவள் கெஞ்சவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறிப் பழவேற்காடு பஜாருக்குப் போய்த் துலுக்கத் தெரு வீடுகளில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்புவாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்க்க மாட்டாள். வேண்டுமென்றுதான்.

ஐந்து மாதம் தாண்டியது. தங்கிவிட்டது. நானே மாமியாரிடம் சொன்னேன்.

அவள் முதலில் சந்தோஷத்தில் கூவினாள். அப்புறம் விரலை மடக்கி மாதத்தைப் பின்னால் எண்ணினாள். எண்ணி முடித்ததும் கதவைப் பார்த்தாள். காவி மங்கி இன்னும் அங்கே இருந்தது. 

மறுநாள் காலை, தெருவே பார்க்க, ஒரு புதுத் துணியை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரிக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு என் மாமியார் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். "எங்க மே போற? பஞ்சாயத்துக் கட்டு கீது" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கப் போறன்னு கேக்காத. தொழிலு கெட்டுடும்" என்றாள் மாமியார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் அக்கா வாசலில் துணியும் நூலுமாகப் பெண்கள் வரிசை கட்டினார்கள். பஞ்சாயத்து அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குப் பெண் பிறந்தாள். நன்றாக இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணும் பையன்களும் தங்கினார்கள். அக்காவுக்குக் கால் மிஷின் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. தோள் கழன்று கை தூக்க முடியாமல் போகிற வரைக்கும் அதே கைப்பிடியைத்தான் சுற்றினாள். அவள் போன பிறகு வீட்டை ஒழித்தோம். இத்தனை வருஷம் ஊரையே அளந்தவள். ஒருத்தியின் அளவுகூட அந்த வீட்டில் இல்லை.

இப்போது என்னிடம் ஒரு போன் இருக்கிறது. எதைத் திறந்தாலும் குக்கீ குக்கீ என்று ஒரு பெட்டி வந்து மறிக்கிறது. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவன் போட்டு வைக்கிற குறியாம் அது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்குப் பெரிய பட்டன். வேண்டாம் என்பதற்கு எறும்பு எழுத்து. நான் அந்த எறும்பைத் தேடிப் பிடித்து அழுத்துகிறேன். அந்தப் பெரிய பட்டன், என் கதவில் குறி போட என்னையே காவி கரைக்கச் சொல்கிற வேலை. எல்லாம் ஓசி என்கிறான். எனக்குத் தெரியும் அந்த ஓசி மிட்டாய்.

போன மாதம் வீட்டில் எல்லாரும் தொடுகிற பெரிய போனில் தொட்டில் விளம்பரம் வந்தது. அடுத்த நாள் குழந்தைச் சட்டை, பால் பவுடர். நான் தேடவில்லை. மகன் தேடவில்லை. என் கடைசி மருமகள் எதையோ தேடியிருக்கிறாள். அவளுக்கும் ஒரு தடவை தங்கவில்லை. அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் போன் சொல்லிக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் அவள் நாத்தனார்கள் வந்து அதே போனைத்தான் நோண்டுவார்கள்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெரிய போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்செட்டு விலை தேடினேன். டிராக்டர் டயர் தேடினேன். மாட்டுத் தீவனம், வழுக்கைத் தலைக்கு விக், தூண்டில் முள், பழைய லாரி. கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினேன். நாத்தனார்கள் வந்தபோது போன் முழுக்கப் பல்செட்டு சிரித்தது. தினமும் செய்தேன். தொட்டில் போன இடம் தெரியவில்லை.

போன வாரம் மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள். நான் அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி அவள் கன்னத்தைத் தடவினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்தப் பெரிய போனைக் காட்டிக் கேட்டாள்:

"அத்தை, நம்ம வூட்ல யாரு பல்செட்டும் டிராக்டர் டயரும் தேடிக்கினே கீறாங்க?"

"உனுக்கு இன்னாத்துக்கு?" என்றேன்.